பெட்டிக்கு மேல் பெட்டி

தலைப்பைப் பார்த்து ஏதோ லாக்கர் சமாச்சாரம் என்று வந்தவர்கள் மன்னிக்கவும். இது பொம்மைப் பெட்டி பற்றி. அதுவும் ஜப்பானியச் சாமுராய் பொம்மை.

ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல் உயரமுள்ள வீரர்களை மேசையில் நிறுத்தி, டேப் வைத்துத் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டுகள் உண்டு. அதில் ஒன்று 'டெஸ்ட் ஆஃப் ஹானர்'. கிரகாம் டேவி உருவாக்கியது. இங்கிலாந்தின் வார்லார்ட் கேம்ஸ் 2017ல் வெளியிட்டது. முதல் பெட்டியில் 35 பொம்மைகள். கை தனி, கால் தனி, தலை தனியாக பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். நாமே வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். ஆட்டம் எனக்குப் பிடித்தது. பைக்குள் கைவிட்டு ஒரு வில்லை எடுக்க வேண்டும். சாமுராய் வில்லை வந்தால் சாமுராய் நகரலாம், சாதாரண வில்லை வந்தால் சிப்பாய்கள் நகரலாம். மூன்றாவது விதி வில்லை வந்துவிட்டால் அந்தச் சுற்று அவ்வளவுதான், பாதி ஆள் நின்ற இடத்திலேயே நிற்பான். நம் வாழ்க்கை மாதிரியே இருக்கிறது என்று தத்துவம் பேச வரவில்லை :-)

பேச வந்தது அதற்குப் பிறகு வரும் பெட்டிகளைப் பற்றி. குதிரைச் சாமுராய் ஒரு பெட்டி, கொள்ளையர்கள் ஒரு பெட்டி, துறவிப் படை ஒரு பெட்டி, நிஞ்ஜா ஒரு பெட்டி. எக்ஸ்பான்ஷன் செட் என்று பெயர். இதை வாங்கலாமா கூடாதா என்று சீத்தா கேம்பில் என் அக்கா வீட்டில் இரண்டு மாதமாக வழக்கு நடக்கிறது.

அக்கா மகனும் அதே தெருவில் மூன்று பையன்களும் சேர்ந்து, தலைக்கு மாதம் இருநூறு ரூபாய் சீட்டு மாதிரிப் போட்டு, முதல் பெட்டியை வாங்கினார்கள். செகண்ட் ஹேண்ட்தான். பெட்டி மாதம் ஒரு வீட்டில் இருக்கும். இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எங்கள் பிராஞ்சில் கூட்டுக் கணக்கு வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளிடம் இந்த ஒழுங்கு கிடையாது. இப்போது சீட்டில் மறுபடி பணம் சேர்ந்திருக்கிறது. பையன்களுக்கு எல்லாப் பெட்டியும் வேண்டும். அத்தானுக்கு ஒரு பெட்டியும் வேண்டாம். "மாப்ள, பிளாஸ்டிக் பொம்மைக்கு இவ்வளவா? கேரம் போர்டு வாங்கினா பேரன் காலம் வரைக்கும் வருமே" என்கிறார்.

அத்தான் சொல்வதில் பாதி நியாயம். கேரமில் ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு ஸ்ட்ரைக்கர். கணக்கு முடிந்தது. இருபதாவது காய் விற்க எவனாலும் முடியாது. சாமுராய் ஆட்டத்தில் கணக்கு முடிவதே இல்லை. தவணை உண்டு, கடைசித் தவணை கிடையாது. அப்படி ஒரு கடன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் இது முழுக்க ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பி.காம். படித்த பாவத்துக்குக் கொஞ்சம் காஸ்ட் அக்கவுண்டிங் பேசிவிடுகிறேன். பிளாஸ்டிக் பொம்மைக்கு உலோக அச்சு வெட்ட வேண்டும். செலவெல்லாம் அந்த அச்சில்தான். அச்சு தயாரானபின் ஆயிரமாவது பொம்மைக்கும் பத்தாயிரமாவது பொம்மைக்கும் பிளாஸ்டிக் விலை மட்டும்தான். ஆகவே எல்லாரும் வாங்கப் போகிற முதல் பெட்டியைப் பிளாஸ்டிக்கில் போட்டால் கட்டுப்படியாகும். துறவிப் படையை எத்தனை பேர் வாங்குவார்கள்? சில நூறு பேருக்காக அந்த அச்சு வெட்டினால் கம்பெனி திவால். அதனால் சிறிய செட்டுகளை ரப்பர் அச்சில் ஈயம் போன்ற உலோகத்தைச் சுழற்றி ஊற்றி வார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். ரப்பர் அச்சு மலிவு, ஆனால் ஒவ்வொரு பொம்மைக்கும் உலோகம், கைவேலை. ஆகவே ஐந்து பொம்மைப் பெட்டி 35 பொம்மைப் பெட்டியின் விலையை நெருங்கினால் அது கொள்ளை லாபம் என்று உடனே சொல்லிவிட முடியாது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். முதலாவது, அட்டை. புது ஆளின் பலம் என்ன, திறமை என்ன என்பதை எழுதிய சிறு அட்டைகளைப் பொம்மைப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்பது. பையன் களிமண்ணில் தானே ஒரு குதிரைவீரன் செய்தாலும் அட்டை இல்லாமல் அவன் எப்படி ஆடுவான்? பொம்மைக்குக் காசு கேள், கொடுக்கிறேன். விதிக்குத் தனியாகக் காசு என்றால் எப்படி? இரண்டாவது, இப்போது விட்டால் எப்போதும் கிடைக்காது என்ற மிரட்டல். 'ரைசிங் சன்' என்று இன்னொரு ஜப்பானிய ஆட்டம். எரிக் லாங் வடிவமைத்து சி.எம்.ஓ.என். கம்பெனி 2017ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டியது. முப்பத்தோராயிரம் பேருக்கு மேல், 42 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அப்போது பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று சில பொம்மைகள். பின்னால் வந்தவர்கள் என்ன விலை கொடுத்தாலும் கடையில் கிடையாது. அந்தக் கம்பெனியே 2025ல் புதிதாகப் பணம் திரட்டுவதை நிறுத்திவைத்து, தன் ஆட்டங்கள் சிலவற்றை விற்க வேண்டி வந்தது. முன்பணத்தை நம்பி ஓடும் தொழிலின் லட்சணம் இது.

"நம்ம கொலுவும் எக்ஸ்பான்ஷன் செட் தானே சார்?" என்று மாட்டுங்காவிலிருந்து வரும் சக அலுவலர் மடக்கினார். நல்ல கேள்வி. தசாவதார செட், அறுபடை வீடு செட், கல்யாண செட், கிரிக்கெட் செட் என்று வருடத்துக்கு ஒன்று வாங்கத்தான் செய்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால் கொலுவில் எந்தப் பொம்மையும் இன்னொன்றைக் கேட்பதில்லை. பாட்டி காலத்து மரப்பாச்சி பக்கத்தில் தோனி நிற்கலாம், செட்டியார் அவருக்கும் சேர்த்து மளிகை விற்பார். இந்த வருடம் கொலு இரண்டாம் பதிப்பு, பழைய படி செல்லாது என்று யாரும் சொல்வதில்லை. சாமுராய் ஆட்டத்துக்கோ 2019ல் வேறொரு கம்பெனியின் பேரில் புதுப் பதிப்பே வந்துவிட்டது. சீத்தா கேம்பில் கொலு குறைவு. ஆனால் டிசம்பரில் கிறிஸ்தவ வீடுகளின் குடிலைப் பாருங்கள். முன்பு வெறும் மாதா, சூசையப்பர், குழந்தை. அடுத்த வருடம் ஆடு, அதற்கடுத்து ஒட்டகம். அதுவும் யாரையும் நெருக்காமல் வளர்வதுதான்.

இடம் என்ற ஒன்றும் இருக்கிறது. 1976 மே மாதம் ஜனதா காலனியை இடித்து மக்களை இந்தக் கழிமுகக் கரையில் கொண்டுவந்து விட்டபோது ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது பத்துக்குப் பதினைந்து அடி. பிறகு மேலே ஒரு மாடி ஏற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இங்கே ஒரு பெட்டி உள்ளே வந்தால் இன்னொரு பொருள் வெளியே போக வேண்டும். லண்டனில் தனியறையில் அலமாரி கட்டி அடுக்குகிறவனுக்குப் போட்ட விற்பனைத் திட்டம் இங்கே பொருந்தாது. பையன்கள் ஆடுவது கட்டிலுக்கடியில் இருந்து இழுத்துப் போடும் ஒரு பிளைவுட் பலகையில்தான்.

வரி பற்றியும் ஒரு வரி. பொம்மை இறக்குமதிக்கு 20 சதவீதமாக இருந்த அடிப்படைச் சுங்கவரியை 2020ல் 60 ஆக்கினார்கள், 2023ல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கலாம் என்று நினைக்கும் பையன்கள் சீட்டுப் பணத்தோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சரி, என் தீர்ப்பு. ஒரு பெட்டி வாங்கலாம். எது? கையில் இருக்கும் 35 பொம்மைகளுக்குப் புது வேலை கொடுப்பது எதுவோ அது. குதிரைப்படை வந்தால் பழைய ஆட்டமே வேகமாக நடக்கும். நிஞ்ஜா வந்தால் பையன்கள் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு மூன்று நாள் பேசமாட்டார்கள். கொள்ளையர் பெட்டி வேறு. குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கிராமம், ஏழு சாமுராய், நாற்பது கொள்ளையர். மூன்றரை மணி நேரப் படத்துக்கு அது போதுமானதாக இருந்தது. கொள்ளையர் வந்தால் ஏற்கெனவே இருக்கும் ஈட்டிக்காரன் கிராமத்தைக் காப்பவன் ஆகிறான். கிராமம், வயல், வேலி எல்லாம் அட்டைப்பெட்டியிலும் தேங்காய் நாரிலும் செய்துகொள்ளலாம். காசு கொடுத்தது ஒரு பெட்டிக்கு, கிடைத்தது வேறொரு ஆட்டம். நான் செலவு என்று ஒத்துக்கொள்வது இப்படிப்பட்டதைத்தான்.

மருமகன் முகம் சுருங்கிவிட்டது. அவனுக்குக் குதிரைதான் வேண்டும். "மாமா, பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையை இதே ரூல்ல ஆடலாமா? அதுக்குக் குதிரை வேணும்ல?" என்றான். திருநெல்வேலிக்காரனிடம் எங்கே அடித்தால் விழுவான் என்று தெரிந்து வைத்திருக்கிறான் பாருங்கள். 1799க்குக் குதிரை வேண்டும்தான். ஆனால் அதற்கு ஜப்பான் குதிரை எதற்கு? மதுரை விளாச்சேரியில் களிமண் பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஓர் அங்குல உயரத்தில் முடியுமா என்று கேட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அட்டையை அவனே எழுதட்டும். அத்தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.