செடியும் உயிர்தானே

மீன் செத்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மேலே மிதக்கும், பிள்ளைகள் அழுவார்கள். அதே தொட்டியில் ரோட்டாலா என்ற தண்டுச் செடி ஒன்று அடியிலிருந்து இலை இலையாக உதிர்ந்து, மொட்டைத் தண்டாகி, ஃபில்டர் வாயில் போய் ஒட்டிக்கொண்டால் எடுத்துக் குப்பையில் போடுகிறோம். அடுத்த வாரம் வேறொரு கட்டு வாங்குகிறோம். மீன் வளர்க்கும் நாம் எல்லோரும் தண்டுச் செடிகளை இப்படித்தான் நடத்தி வந்திருக்கிறோம்.

சென்னை கொளத்தூரின் மீன் கடைகளில் வாங்கும் கட்டின் அடியில் ஈயப்பட்டையோ ரப்பர் பேண்டோ சுற்றியிருக்கும். கடைத் தொட்டியில் மிதக்காமல் நிற்பதற்கான ஏற்பாடு அது. நாம் அவிழ்ப்பதில்லை, அப்படியே மணலில் செருகிவிடுகிறோம். சில நாள் கழித்துப் பட்டையைப் பிரித்தால், இறுக்கிய இடம் பழுப்பேறிக் கூழாகி விரலில் வழுக்கும். அழுகல் வாடை வரும். தண்டுகளைப் பிரித்து, அடிக்கணுவின் இலைகளைக் கிள்ளி, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக இடுக்கியால் ஊன்ற அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைக்கூட நாம் கொடுக்கவில்லை.

பொறுமையும் காட்டவில்லை. பல பண்ணைகளில் இச்செடிகள் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கப்படுகின்றன. தொட்டியில் மூழ்கியதும் காற்றுக்குப் பழகிய பழைய இலைகள் கரையத் தொடங்கும். செத்துவிட்டது என்று நாம் பிடுங்கிவிடுகிறோம். கணுவை உற்றுப் பார்த்திருந்தால், நீருக்கென்றே மெல்லியதாக முளைக்கும் புதுத் தளிர் கண்ணில் பட்டிருக்கும்.

பசியையும் கவனிக்கவில்லை. மீன் கழிவு போதும் என்று இருந்துவிட்டோம். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைக்கும். சாம்பல்சத்தும் இரும்பும் பெரும்பாலும் போதாது. முதிர்ந்த இலையில் ஊசி குத்தியதுபோல் துளைகள் விழுவதும், நுனித் தளிர் வெளுப்பதும் செடி நம்மிடம் கேட்பதுதான். நாம் விளக்கைக் கூட்டினோம். விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று நாளெல்லாம் எரியவிட்டோம். 6 முதல் 8 மணி நேரமே போதுமான இடத்தில் மிஞ்சிய வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொண்டது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கத்தரிக்கோலைத் தொடாததுதான். துளசியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும் என்று நம் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். தொட்டிச் செடிக்கு அதே அறிவை நாம் கொண்டுவரவில்லை. தண்டு நீர்மட்டத்தை எட்டிப் படர்ந்தால் அதன் நிழலிலேயே அடி இலைகள் மடியும். அதற்கு முன்பே பாதியில் வெட்டினால், நிற்கும் தண்டின் கணுவிலிருந்து கிளைகள் புறப்படும். வெட்டிய நுனியை ஊன்றினால் அதுவும் வேர்விடும். பணம் கொடுத்துத் திரும்பத் திரும்ப வாங்கிய அடர்த்தி, நம் தொட்டியிலேயே இருந்தது.

எது எந்த ஊர்ச் செடி என்றும் விசாரித்ததில்லை. செக்கச் சிவந்த ரோட்டாலா மக்ராண்ட்ரா மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. பக்கோபா என்று கேட்டு வாங்கும் செடிகளில் ஒன்று, நம் வாய்க்கால் ஓரத்து நீர்ப்பிரமி. கபோம்பாவோ அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தது. 2020-இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் ஒரு நீரோடை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்தது கபோம்பாவின் ஓர் இனம்தான். கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்தார்கள்; நாமும் அந்தப் படங்களை ஆசையோடு அனுப்பிக்கொண்டோம். ஒடிந்த துண்டு ஒன்றே புதுச் செடியாகி நீரோடையை நிரப்பிவிடும் இனம் அது. வெட்டிய மிச்சத்தை வெயிலில் சருகாகும்வரை உலர்த்தி எருக்குழியில் போடுவது பெரிய வேலையில்லை. நாமோ தண்ணீர் மாற்றும் வாளியோடு சேர்த்து, தெருமுனை மழைநீர்க் கால்வாயில் கொட்டிக்கொண்டிருந்தோம்.