கொட்டகையில் சிந்திய கண்ணீர்

கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் மார்க்கமாகச் செங்கல்பட்டுக்குப் போகிறவர்கள் மலைக்கோயிலையும் ஏரியையும் கண்டு மகிழ்கிறார்கள். குற்றம் செய்த சிறுவரைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்துவதற்காக வெள்ளைக்காரர் காலத்திலேயே பள்ளி ஏற்பட்ட ஊர் செங்கல்பட்டு என்பதை நினைக்கிறவர் வெகு சிலரே. இந்தியாவில் முதன்முதலாகக் குழந்தைகள் சட்டம் இயற்றிய பெருமையும் 1920-இல் சென்னை மாகாணத்துக்கே கிடைத்தது.

சட்டத்தால் ஆகாதது சினிமாவால் ஆகும் என்று நம்பியவர்களும் உண்டு. பாதர் பிளானகன் 1917-இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஆரம்பித்த சிறுவர் இல்லத்தின் கதையை 1938-இல் 'பாய்ஸ் டவுன்' என்று படம் பிடித்தார்கள். பாதிரியாராக நடித்த ஸ்பென்ஸர் டிரேஸிக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் அவ்வளவு நன்றாக நடக்கும் இல்லத்துக்குப் பணத்துக்கு என்ன குறைவு என்று எண்ணிவிட்டார்கள் போலும். நன்கொடைகள் குறைந்து போயின!

நம் தேசத்தில் 1954-இல் வெளியானது 'ஜாக்ருதி'. 1949-இல் வங்காளியில் 'பரிவர்த்தன்' எடுத்த சத்யேன் போஸே இதையும் எடுத்தார். ஒருவருக்கும் அடங்காத அஜய் என்ற பையன் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்படுகிறான். புதிதாக வந்த ஆசிரியர் சேகர் பிரம்பை நம்பவில்லை. பிள்ளைகளை ரயிலேற்றித் தேசத்தைச் சுற்றிக் காட்டுகிறார். ஓடிப்போகும் அஜயைத் தடுக்கச் சென்ற கால் ஊனமுற்ற சிநேகிதன் வண்டியில் அடிபட்டு மாண்ட பிறகே அஜயின் மனம் திரும்புகிறது. ஒரு பையன் திருந்துவதற்கு இன்னொரு பையன் சாகவேண்டுமா என்று நாம் கேட்கலாம். கதையில் அது பொறுக்கும்.

வாழ்க்கையில் பொறுக்காது. 2022 டிசம்பர் இறுதியில், அதே செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். திருட்டுக் குற்றம் சாட்டி அவனை அங்கே வைத்திருந்தார்கள். அடித்ததாக இல்லத்து ஊழியர் சிலர் கைதானார்கள். இத்தகைய இல்லங்களைச் சீர்படுத்த யோசனை கூறுமாறு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசாங்கம் 2023-இல் நியமித்தது.

சட்டமும் குழுவும் அவசியந்தான். எனினும், இல்லத்தின் வாசலை மிதிப்பதற்கு முன்பே பையனைத் தடுத்து நிறுத்துவது ஊராரின் கையில் இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் மாலை வேளையில் ஒரு பந்து, ஒரு சிறு வாசகசாலை, பெயர் சொல்லி அழைக்க ஒரு பெரியவர்: இவை பெரிய செலவல்ல. கொட்டகையில் அஜய்க்காக அழுதுவிட்டு, வெளியே சுற்றித் திரியும் பையனை "போடா" என்று விரட்டுகிற வரையில், நாம் படத்தைப் பார்த்தோமே தவிரப் பாடத்தைப் படிக்கவில்லை.