சுழலும் சக்கரத்திற்கு நினைவில்லை

திருவிழாத் திடல்களில் எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றிப் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை வளவனூர் வட்டாரத்துப் பெரியவர்கள் பலர் கண்டிருப்பர். சக்கரம் நிற்கும் இடத்தைத் தலைவிதி என்பார் சிலர். கைராசி என்பார் வேறு சிலர். இயற்பியல் கூறும் விடையோ வேறு.

சக்கரத்தில் 0 முதல் 9 வரை 10 எண்கள் உள்ளன எனக் கொள்வோம். ஓர் எண்ணுக்குரிய இடம் 36 பாகை. சுழற்றிய சக்கரம் 20 சுற்றுகள் ஓடி, உராய்வினால் நிற்கிறது. மொத்த ஓட்டம் 7,200 பாகை. தொடக்க வேகம் 400இல் 1 பங்கு கூடினாலே போதும். ஓட்டம் 36 பாகை மிகுந்து அடுத்த எண் வந்துவிடும். இத்துணை நுட்பமாகக் கைவிசையை அளந்து தரவல்லார் எவருமிலர். கண்ணுக்குப் புலப்படாத சிறு காரணம் பெரிய விளைவைத் தரும்போது அதனைத் தற்செயல் என்கிறோம் என, பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்கரே 1908இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

“பல நாள்களாக 7 விழவில்லை, இன்று கட்டாயம் விழும்” என்பது மற்றொரு மயக்கம். 1913 ஆகஸ்டு 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட மாளிகையில், ரூலெட் சக்கரத்தின் குண்டு தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. இனிச் சிவப்பே வரும் என நம்பியோர் பெருந்தொகை இழந்தனர். சென்ற சுற்றில் வந்தது எது என்று சக்கரம் நினைவில் வைப்பதில்லை.

அங்ஙனமாயின் ‘உறுதியான எண்’ தருவோர் யார்? 1980 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலக் குலுக்கலில் 666 என்னும் எண் விழுந்தது. 4, 6 ஆகியவை தவிர்த்த ஏனைய பந்துகளில் வண்ணக் கலவையைச் செலுத்தி, அவை காற்றில் மேலெழாதவாறு சிலர் கனமாக்கியிருந்தனர்! முன்கூட்டி எண் அறியப்பட்டால் அங்கே சூழ்ச்சி உண்டு. சூழ்ச்சி இல்லையேல் எவராலும் அறிய இயலாது.

“விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்னும் முழக்கத்துடன் 1968இல் தமிழக அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கிற்று. இடையில் நின்றும் தொடர்ந்தும் வந்த அத்திட்டம் 2003 ஜனவரியில் முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஆயினும் ‘மூன்று நம்பர் லாட்டரி’ மறைவில் தொடர்ந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில், லாட்டரியாலும் கடனாலும் நொந்த ஒரு குடும்பம், குழந்தைகளோடு மாண்ட துயரை நாம் மறத்தற்கில்லை.

மூன்று இலக்க எண்கள் 1,000. ஒன்றைத் தேர்ந்து நாள்தோறும் பணம் கட்டினால், சராசரியாக ஒரு முறை வெல்ல 1,000 நாள்கள், அதாவது இரண்டே முக்கால் ஆண்டுகள் ஆகும். அத்தனை நாள் கட்டியும் ஒரு முறையேனும் வெல்லாதோர் 100க்கு 37 பேர் இருப்பர். கிடைக்கும் பரிசோ, நடத்துவோர் இலாபம் போக எஞ்சியதே.

இக்கணக்கை இன்றிரவே பிள்ளைகளுடன் அமர்ந்து போட்டுப் பாருங்கள். வீட்டில் எவரேனும் இவ்வழியில் கடன்பட்டிருப்பின், வைது ஒதுக்காமல் அருகழைத்துக் கேளுங்கள். இழந்ததை மீட்க இன்னும் ஒரு சீட்டு வாங்குவதே பெருங்கேடு. பட்ட கடனை வெளிப்படச் சொல்வதே மீட்சியின் முதற்படி.