கேளாமல் ஏற்றிய சரக்கு



மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நடையுள்ள சரக்கு பத்துப் பெட்டி கேட்டால், நடையில்லாத சரக்கு இரண்டு பெட்டியும் சேர்த்து எடுத்தால்தான் தருவேன் என்பார் கம்பெனிக்காரர். சோப்பு கேட்டவன் தலையில் விற்காத பற்பொடியைக் கட்டுவார். நாமும் வேறு வழியின்றி எடுத்திருக்கிறோம். அது கிடங்கு மூலையில் கிடந்து, எலி கடித்து, கடைசியில் தேதி முடிந்து குப்பைக்குப் போயிருக்கிறது. இடமும் நம்முடையது, நட்டமும் நம்முடையது.

அதே வித்தை இப்போது வேறு உருவத்தில் நம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. புதிதாக வாங்கும் லேப்டாப்பைத்தான் சொல்கிறோம்.

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின் கம்ப்யூட்டர் இல்லாமல் கடை நடத்த முடியாது என்றாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதனால் பழைய இயந்திரத்தை ஓரம் கட்டிவிட்டுப் புதிது வாங்கியவர்கள் நம்மில் பலர். கதிர்காமத்தில் இருக்கும் நம் கடைக்கும் ஒன்று வாங்கினோம். பெட்டியைப் பிரித்துக் கணக்கு எழுதும் பெண்ணின் மேஜையில் வைத்தோம். நல்ல பொருள், நல்ல வேகம்.

ஒரு மாதம் ஆயிற்று. மாதக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய நாள். திரையின் மூலையில் ஒரு கட்டம் தோன்றி, "உங்கள் கணினிக்குப் பாதுகாப்பு இல்லை, உடனே புதுப்பியுங்கள்" என்றது. மூடினால் மறுபடி வந்தது. அந்தப் பெண் பயந்துவிட்டாள். நாம் கொள்முதலுக்காக வெளியூர் போயிருந்தோம். கணக்கெல்லாம் அழிந்துவிடுமோ என்று எண்ணி, கடைக் கார்டைப் போட்டுப் பணம் கட்டிவிட்டாள். இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வந்ததும், "ஐயா, மிஷினே கேட்டது, கட்டிட்டேன்" என்றாள். அவளைக் கோபித்துப் பயனில்லை. மிஷின் கேட்கவில்லை, மிஷினுக்குள் முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்த ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருளின் மாதிரிக் காலம் முடிந்து, அது காசு கேட்டது. நாம் அதை ஆர்டர் கொடுக்கவில்லை. நம் பில்லிலும் அது இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், விண்டோஸிலேயே ஒரு வைரஸ் காவல் இலவசமாக இருக்கிறது. வெளிக் கம்பெனியின் காவல் வந்து உட்கார்ந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். வந்ததை நீக்கிவிட்டால் தானே திரும்பி வேலைக்கு வரும். அதாவது நம் வீட்டுக் காவலாளியைத் தூங்கச் சொல்லிவிட்டு, சம்பளம் கேட்கும் இன்னொருவரை நம்மைக் கேட்காமலே வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏன் ஏற்றுகிறார்கள்? நாம் கடைக்கு முன்னால் பலகை வைக்க இடம் கொடுத்துக் கம்பெனியிடம் பணம் வாங்குவதைப் போலத்தான். லேப்டாப் செய்கிறவருக்கு மென்பொருள்காரர் பணம் கொடுக்கிறார். ஆனால் நாம் பலகை வைப்பது நம் சொந்தச் சுவரில். அவர்கள் வைப்பதோ நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளில். கேட்டால், "அந்த வருமானத்தால்தான் உங்களுக்கு விலை குறைத்துத் தர முடிகிறது" என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் அந்தத் தள்ளுபடியைப் பில்லில் ஒரு வரியாகக் காட்டட்டும். காட்டாத தள்ளுபடியை வியாபாரி நம்பக்கூடாது.

2008-இல் சோனி நிறுவனம் ஒரு கூத்து செய்தது. தேவையில்லாத மென்பொருள் இல்லாமல் லேப்டாப் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக சுமார் 50 டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் அறிவித்தது. அரிசியில் கல் போடாமல் தர அதிக விலை கேட்பது போன்றது இது. ஊர் சிரித்தது. உடனே அந்தக் கட்டணத்தைக் கைவிட்டார்கள். வாங்குகிறவர்கள் சேர்ந்து குரல் கொடுத்தால் எவ்வளவு பெரிய கம்பெனியும் இறங்கி வரும் என்பதற்கு இது சாட்சி.

தொல்லையோடு போனால் பரவாயில்லை, ஆபத்தும் இருக்கிறது. லெனோவோ நிறுவனம் 2014 இறுதியில் விற்ற சில மாடல்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி அனுப்பியது. அது நாம் தேடும் பக்கங்களில் விளம்பரம் நுழைத்ததோடு நிற்கவில்லை. வங்கிப் பக்கங்களுக்குப் போகும் பூட்டிய பாதையிலும் தன் சாவியைச் செருகிக்கொண்டது. அந்தச் சாவி திருடன் கையிலும் கிடைக்கக்கூடியதாக இருந்தது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளிவந்தபின் கம்பெனியே அதை நீக்கும் கருவியை வெளியிட்டது. 2017-இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் சமரசம் செய்து, மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டியது. தினமும் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும் நமக்கு இது சின்ன விஷயமா?

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை. செல்போன்களில் கூகுள் தன் செயலிகளை மொத்தமாக ஏற்றி அனுப்ப வைக்கிறது என்ற புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபர் 20-இல் ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. முன்னேற்றிய செயலிகளை வாங்கியவர் நீக்குவதைத் தடுக்கக்கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச் 29-இல் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் நீக்க விடவேண்டும் என்ற அந்தக் கட்டளை உட்பட நான்கு கட்டளைகளை ரத்து செய்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கோடிக் கணக்கில் அபராதம் நின்றது, நமக்கு வேண்டிய ஒரு வரி நிற்கவில்லை.

அரசாங்கமும் இதில் விலக்கல்ல. தொலைந்த போனை முடக்க உதவும் 'சஞ்சார் சாத்தி' செயலியை எல்லாப் புதுப் போனிலும் ஏற்றியே விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28-இல் மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. செயலியின் நோக்கம் நல்லதுதான். ஆனாலும் எதிர்ப்பு கிளம்ப, டிசம்பர் 3-ஆம் தேதியே கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. நல்ல சரக்கானாலும் கேட்டவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? நம் தகப்பனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெரிய மார்க்கெட்டில் தொழில் பழகியவர். "எண்ணாமல் இறக்காதே" என்பார். லாரி வந்தால் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டை மூட்டையாகச் சரிபார்ப்பார். சிட்டையில் இல்லாதது அதே லாரியில் திரும்பிப் போகும். லேப்டாப்புக்கும் அதே முறைதான்.

முதலாவது, கணக்கை ஏற்றுவதற்கு முன்னால் இருப்பை எண்ணுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் என்பதைத் திறந்து, இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்பதைத் தொட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வரிசையாக வரும். ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாதிரிக் கால வைரஸ் தடுப்பு, விளையாட்டுகள், கடன் கொடுக்கும், பொருள் விற்கும் செயலிகள் ஆகியவற்றைக் கோடிடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, அன்இன்ஸ்டால் கொடுத்தால் போய்விடும். வைரஸ் தடுப்பை நீக்கியபின் இயந்திரத்தை ஒருமுறை அணைத்துப் போட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, அவசரம் வேண்டாம். நம் பேரன் உற்சாகத்தில் தெரியாத பெயரையெல்லாம் நீக்கப் போய் இயந்திரத்தின் சத்தமே நின்றுவிட்டது. டிரைவர், கிராஃபிக்ஸ், ஆடியோ, வைஃபை, டச்பேட் என்று பெயரில் வருவதையும், விஷுவல் சி என்று வருவதையும் தொடாதீர்கள். அவை வண்டியின் அச்சாணி. சந்தேகம் வந்தால் தெரிந்தவரைக் கேளுங்கள். "கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறோம்" என்று விளம்பரத்தில் வரும் இலவச மென்பொருளை மட்டும் இறக்காதீர்கள். எலியைப் பிடிக்கப் பாம்பை விட்ட கதையாகும்.

மூன்றாவது, ஒன்டிரைவ் என்பதைக் கவனியுங்கள். மேஜைத் திரையிலும் டாக்குமென்ட்ஸிலும் நீங்கள் வைக்கும் கோப்புகளை அது கம்பெனியின் கிடங்குக்குக் கொண்டுபோகக்கூடும். இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. நிறைந்தால் காசு கேட்கும். சிலருக்கு அது உதவிதான். வேண்டாதவர்கள், கோப்புகள் இயந்திரத்தில் பத்திரமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் எடுத்துவைத்தபின் அதன் பேக்கப்பை நிறுத்துங்கள். அங்கே அழித்தால் இங்கேயும் அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

நான்காவது, பணம் கட்டிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாக எடுக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரவேண்டும். அந்தச் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். அதிலேயே ரத்து செய்ய வழி இருக்கும். நாம் அப்படித்தான் அடுத்த ஆண்டுக்கான தொகையை நிறுத்தினோம்.

இதெல்லாம் தனித்தனியாகச் செய்வது. சங்கமாகச் செய்ய வேண்டியதும் உண்டு. 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாங்குகிறவரை ஏமாற்றும் 13 வகைத் திரை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பயமுறுத்திச் சந்தா வாங்குவதெல்லாம் அந்த வகையில் வருபவைதான். புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி வியாபாரத்துக்காகப் பொருள் வாங்குகிறவர் பொதுவாக 'நுகர்வோர்' ஆகமாட்டார். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்யும் சிறு கடைக்காரருக்கு மட்டுமே விலக்கு உண்டு. நம்மில் பலருக்கு அந்தக் கதவு திறக்காது. ஆனால் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் வணிகர் சங்கமே ஆணையத்திடம் முறையிட இடம் இருக்கிறது. ஒரு பொருளோடு இன்னொன்றைக் கட்டி விற்று போட்டியைக் கெடுப்பதை அந்தச் சட்டம் கண்டிக்கிறது.

இன்றே வழக்குப் போடச் சொல்லவில்லை. முதலில் வாசலில் கேட்போம். ஆண்டுதோறும் நம் உறுப்பினர்கள் எத்தனையோ லேப்டாப் வாங்குகிறோம். தனித்தனியாக வாங்காமல், சங்கத்தின் பெயரில் விலைப்புள்ளி கேட்போம். மூன்று நிபந்தனை வைப்போம். உள்ளே இருக்கும் மென்பொருள் பட்டியலை எழுதித் தரவேண்டும். எது முழு உரிமை, எது ஒரு மாத மாதிரி என்று பில்லிலேயே குறிக்க வேண்டும். நாம் வேண்டாம் என்றதை நீக்கிவிட்டே கையில் கொடுக்க வேண்டும். இதைத் தனியாள் கேட்டால் விற்பனைக்காரர் சிரிப்பார். இருபது பேர் சேர்ந்து கேட்டால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்.

கடைசியாக ஒன்று. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தீபாவளிக்கு முன் சில்லறைக் கடைக்காரர் நடையுள்ள சரக்குக்கு வந்து நிற்கும்போது, தேங்கிக் கிடப்பதையும் சேர்த்து அவர் தலையில் கட்டியவர்கள் நம்மிலும் உண்டு. நாமும் செய்திருக்கிறோம். அந்தச் சின்னக் கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிப் போனது, அன்று நமக்கு உறைக்கவில்லை. "மிஷினே கேட்டது" என்று அந்தப் பெண் சொன்ன அன்றுதான் உறைத்தது. பெரிய கம்பெனியிடம் நியாயம் கேட்கப் போகிறவன் கை சுத்தமாக இருக்க வேண்டும். வரும் தீபாவளிக்கு நம் கடையில் கேட்ட சரக்கு மட்டுமே ஏறும் என்று முடிவு செய்திருக்கிறோம். உறுப்பினர்களும் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.