சட்டமும் நம்பிக்கையும்

மக்கள் சட்டத்திற்கு ஏன் அடங்கி நடக்கின்றனர்? தண்டனைக்கு அஞ்சியே என்பர் சிலர். அச்சத்திற்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும் ஒவ்வொரு குடிமகன் பின்னும் ஒரு காவலரை நிறுத்தல் எந்த அரசுக்கும் இயலாது. காவலர் காணாத இடத்திலும் பெரும்பாலோர் சட்டத்தை மீறுவதில்லை. அமெரிக்க அறிஞர் டாம் டைலர், சிகாகோ நகர மக்கள் 1,575 பேரை 1984ஆம் ஆண்டில் வினவி ஆராய்ந்து, 1990இல் நூலொன்று வெளியிட்டார். தமக்கு வெற்றி கிட்டியதா என்பதினும், தம் சொல்லை அதிகாரிகள் செவிமடுத்தனரா, நடுநிலையோடு நடந்தனரா என்பதையே மக்கள் பெரிதாகக் கருதுகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. நம் முன்னோர்க்கு இது புதிதன்று. மனுநீதிச் சோழன் கதையில் தேர்க்காலையே பலரும் நினைவிற் கொள்கின்றனர். ஆனால் ஒரு பசுவுக்கும் எட்டும்படி அரண்மனை வாயிலில் மணிக்கயிறு தொங்கியதே அக்கதையின் உயிர்.

அக்கயிறு எட்டாதபோது நிகழ்வது யாது? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதி இதற்கு விடை கூறும். ஏரியும் வயலுமாக விளங்கிய அவ்வட்டாரத்தில் இன்று மகிழுந்தும் கைப்பேசியும் உருவாகின்றன. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சிலர் மாண்டனர் என வதந்தி பரவிற்று. எவரும் மாளவில்லை என்று அதிகாரிகள் உரைத்தனர். அஃது உண்மையே, ஆயினும் நம்புவார் இலர். ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். வதந்திக்குச் செவிகொடுத்தவரைப் பழிப்பது எளிது. ஆனால் விடுதிகள் சிலவற்றின் உறைவிடமும் உணவுக்கூடமும் தகுதியுடையனவாய் இல்லை என்று, அத்தொழிற்சாலையிடம் பொருள் பெறும் ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. நாள்தோறும் அங்கு உண்டு உறங்கியவர்க்கு அஃது எவரும் சொல்லித் தெரியவேண்டிய செய்தியன்று.

மூன்று ஆண்டுகளுக்குள் அதே சுங்குவார்சத்திரத்தில் வேறொரு காட்சி. சாம்சங் தொழிற்சாலையின் தொழிலாளர் ஒரு சங்கம் அமைத்து, அதனைப் பதிவு செய்யுமாறு 2024ஆம் ஆண்டின் நடுவில் அரசின் பதிவாளரிடம் விண்ணப்பித்தனர். அந்நாளில் நடப்பிலிருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அவ்வுரிமையை வழங்கியிருந்தது. சங்கத்தின் பெயரில் தன் பெயர் இடம்பெறுதல் கூடாது என நிறுவனம் எதிர்ப்புரைத்தது. எதிர்ப்புரைத்தல் அதன் உரிமை. அதனை ஆராய்ந்து ஆம் என்றோ இல்லை என்றோ கூறுதல் பதிவாளரின் கடமை. இல்லை என்பதும் ஒரு விடையே. காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். வாளாவிருக்கும் அலுவலகத்தை எதிர்த்து வாதிடுவது எங்ஙனம்?

செப்டம்பர் 9ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. தொழிலாளர் பந்தலிட்டு அமர்ந்தனர். காவல் துறையினர் பலரைத் தடுத்து வைத்தனர்; பந்தலையும் அகற்றினர். 37 நாள்கள் சென்றபின் அமைச்சர்கள் முன்னின்று பேச, அக்டோபர் 15ஆம் நாள் போராட்டம் முடிவுற்றது. ஆனால் பதிவு கிட்டவில்லை. சங்கத்தினர் அதற்காக நாடியது நெடுஞ்சாலையை அன்று, சென்னை உயர்நீதிமன்றத்தை.

அந்நீதிமன்றத்தில் தொழிற்சங்கங்களுக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஆலை முதலாளிகளான பின்னி நிறுவனத்தார், சங்கத் தலைவர் பி. பி. வாடியா முதலியோர்மீது அங்கு வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றனர். சங்கத்தைக் காக்கும் சட்டம் அன்று இல்லை. 1926ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பதற்கு அவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று. அன்று சங்கத்தினர் எதிர்வாதிகளாய் நின்ற மன்றத்திற்கு, நூறாண்டு கழித்து வேறொரு சங்கத்தினர் தாமே வழக்காடிகளாய்ச் சென்றனர். விண்ணப்பத்தின்மீது ஆறு வாரங்களுக்குள் முடிவு கூறுமாறு நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. 2025 ஜனவரி 27ஆம் நாள் சங்கம் பதிவாயிற்று. அதற்குள் ஏறத்தாழ ஏழு மாதங்கள் கழிந்திருந்தன. அவற்றுள் 37 நாள்கள் அத்தொழிலாளர் ஊதியமின்றிக் கழித்தவை.