ஸ்கேனர் சொன்னால் வேதவாக்கா?

சிக்னலில் நிற்கும் கார் குலுங்குகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திக்கித் திணறுகிறது. "மிஸ்ஸிங் அடிக்குது" என்று வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டால், அந்தக் காலத்து மெக்கானிக் ப்ளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பார்ப்பார். இந்தக் காலத்தவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகுகிறார். திரையில் ஒரு நம்பர் வருகிறது. உடனே ஸ்பேர் கடைக்கு போன்... சோதனை முடிந்தது!

ஸ்கேனர் மேல் தப்பில்லை. அது சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

பி0301 என்ற கோடையே எடுத்துக்கொள்ளலாம். முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு உந்து உந்தும். அந்த உந்தல் குறைவதை சென்சார் வழியாகப் பார்த்து கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. ஏன் எரியவில்லை என்பது அதற்குத் தெரியாது. காயில், ப்ளக், இஞ்செக்டர், கம்ப்ரஷன் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் பல ஒர்க் ஷாப்களில் பி0301 என்றாலே "காயில் போச்சு சார்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் இதைச் சோதிக்கக் காசே தேவையில்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டு, பழைய கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பி0302 என்று வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0301 என்றே வந்தால் காயில் நிரபராதி. அடுத்து ப்ளக்கை இடம் மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் மாறாவிட்டால் இஞ்செக்டரையும் கம்ப்ரஷனையும் சோதிக்க வேண்டும்.

இதைவிடக் கொடுமை பி0171. எரியும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்கிறது கோடு. உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். காய்ச்சலைக் காட்டிய தெர்மாமீட்டரை உடைத்த கதைதான்! பல வண்டிகளில் காரணம் வெடித்துப்போன ஒரு ரப்பர் வேக்கம் ஹோஸ். ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், அதன் வழியே திருட்டுத்தனமாக நுழையும் காற்று பெரிய பங்காகிவிடும். வேகம் எடுத்தால் அதே காற்று சொற்பம். நிற்கும்போது குலுங்கி, ஓடும்போது சீராகும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஹோஸைத்தான்.

இந்தியாவில் ஓபிடி 1 2010-லும் ஓபிடி 2 2013-லும் கட்டாயமானது பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிகளுக்காக. எந்த ஸ்பேரை மாற்றலாம் என்று கைகாட்டுவதற்காக அல்ல.

"சாயங்காலமே வண்டி வேணும்னு நிக்கிறாங்க, எங்கே சோதிக்கிறது?" என்பார்கள் மெக்கானிக்குகள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்பேருக்குக் கேட்ட காசைக் கொடுக்கும் அதே ஆள், "சும்மா பார்த்ததுக்கு எதுக்குக் காசு?" என்று சண்டைக்கு நிற்கிறார். பார்ப்பதற்குக் கூலி இல்லை, மாற்றினால்தான் வருமானம் என்றால் எவர் பொறுமையாகப் பார்ப்பார்? தவறான காயிலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சோதனைக் கூலியாகக் கொடுத்திருந்தாலே வேலை முடிந்திருக்கும்.

நஷ்டம் அந்த ஒரு ஸ்பேரோடு நிற்பதும் இல்லை. உண்மையான கோளாறு அப்படியே இருக்க, எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் கேடலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றி நாசமாக்கும். இஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுவது இதற்கான எச்சரிக்கைதான். மாற்றிய காயிலைவிடப் பல மடங்கு விலை அது.

ஆகவே கார்க்காரர்கள் ஸ்பேரை மாற்றச் சம்மதிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இதுதான் கெட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" ஸ்கேனர் நம்பரைத் தவிர வேறு பதில் இல்லையென்றால், காசைக் கொடுக்காமல் சாவியை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.