அதிகாரத்திற்கு வேலி வேண்டும்

தன் சொந்த நிலத்தில், தன் வீட்டு அடுப்புக்கும் தன் மாட்டுக்கும் கோழிக்குமென ஒருவன் விளைவித்த தானியம் மத்திய அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகுமா? இக்கேள்வி 1942ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர் நீதிமன்றத்தின் முன் எழுந்தது. ஆகும் என்றே அந்நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. மத்திய அரசாங்கத்தின் கை வரம்பின்றி நீண்டுவிட்டது என்பதற்குச் சான்றாக அந்நாட்டின் பழைமை பேணுவோர் அத்தீர்ப்பை இன்றும் எடுத்துக் காட்டுகின்றனர். அவர்களுடைய கொள்கை எத்துணை நேரியது, அதைப் பேசியவர்கள் அதற்கு எத்துணை உண்மையாக நடந்தனர் என்று ஆராய்வது, சமஷ்டியின் பெயரால் அரசியல் நடத்திவந்த ஓரினத்துக்குப் பயன்தரும் முயற்சியாகும்.

வழக்கின் வரலாறு இது. ஒகையோ மாநிலத்தில் ரொஸ்கோ பில்பேர்ண் என்னும் கமக்காரர் இருந்தார். பாலும் முட்டையும் விற்றுச் சீவித்த அவர், ஆண்டுதோறும் சிறிது கோதுமையும் விதைத்து வந்தார். விளைந்ததில் ஒரு பகுதி சந்தைக்குப் போகும். ஒரு பகுதி கால்நடைகளுக்குத் தீனியாகும். ஒரு பகுதி வீட்டுக்கு மாவாகும். எஞ்சியது அடுத்த போகத்துக்கு விதையாகும். நம் கமக்காரரின் வாழ்வும் இதனின் வேறன்று. 1938ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தின்படி அவருக்கு ஒதுக்கப்பட்ட கோதுமை நிலம் 11.1 ஏக்கர். அவர் விதைத்ததோ 23 ஏக்கர். மேலதிகமாக விளைந்த 239 புசலுக்கு, புசலொன்றுக்கு 49 சதம் வீதம், 117 டொலர் 11 சதம் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் கட்ட மறுத்தார்.

அரசாங்கத்தின் நோக்கம் தீயதென்று நாம் கூறவில்லை. பெரும் பொருளாதார மந்தத்தின்போது தானியத்தின் விலை வீழ்ந்து, அமெரிக்கக் கமக்காரர் பல்லாயிரவர் தம் நிலத்தையே இழந்தனர். விளைச்சலைக் குறைத்து விலையை உயர்த்துவதே ஜனாதிபதி றூஸ்வெல்ற்றின் திட்டம். 1933ஆம் ஆண்டில் நிறைவேறிய முதற் சட்டத்தை 1936ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆறாண்டுகளின் பின்னர் அதே மன்றம் வேறு பாதையிற் சென்றது. பில்பேர்ண் தன் கோதுமையைத் தானே உண்டால் சந்தையில் வாங்கமாட்டார். அவரைப்போற் பலரும் அவ்வாறு செய்தால் நாடு முழுவதிலும் கோதுமை விலை பாதிக்கப்படும். ஆகவே மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரம் அவருடைய வீட்டுத் தானியத்தையும் தழுவும் என்று நீதியரசர் றொபேட் ஜாக்சன் எழுதினார். தர்க்கத்திற் குறை காண்பது எளிதன்று. ஆனால் அத்தர்க்கத்தின்படி மத்திய அரசாங்கம் தொட இயலாத பொருள் எது எஞ்சும்? பழைமை பேணுவோர் எழுப்பும் வினா இதுவே.

பழைமை பேணுவோர் என்றதும் முடியாட்சியை விரும்புவோர் என்றோ, மாற்றமெதனையும் வேண்டாதோர் என்றோ எண்ணிவிடலாகாது. அவர்கள் பேண விரும்பும் பழைமை அமெரிக்க அரசியலமைப்பேயாகும். மத்திக்கு வழங்கப்படாத, மாநிலங்களுக்கும் மறுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்று 1791ஆம் ஆண்டில் உறுதியான பத்தாம் திருத்தம் விதிக்கின்றது. அதனை நெஞ்சிற் கொண்ட இவர்கள் கூறுவன மூன்று. தூரத்திலுள்ள அதிகாரி அருகிலுள்ள வயலை அறியான். ஒரே பிழையை நாடு முழுவதிலும் ஒருங்கே செய்யும் வல்லமை எந்த அரசாங்கத்துக்கும் இருத்தலாகாது. ஒருமுறை பெற்ற அதிகாரத்தை அரசாங்கம் தானாகத் திருப்பித் தருவதில்லை. அரசாங்கமே சிக்கலுக்குத் தீர்வு என்ற நம்பிக்கையை மறுத்து 1981ஆம் ஆண்டு ஜனவரியில் ஜனாதிபதி றீகன் தம் பதவியேற்புரையிற் பேசியபோது, இக்கருத்துக்களே ஆட்சிக் கொள்கையாக அரங்கேறின.

மூன்றும் உண்மை என்பதே நமது துணிபு. மூன்றாவதற்குக் கலிபோர்ணியாவின் முந்திரிகைத் தோட்டங்கள் சான்று பகரும். விலை வீழாமற் காக்கவென 1949ஆம் ஆண்டில் ஓர் ஒழுங்கு அங்கு ஏற்படுத்தப்பட்டது. அதன்படி, உலர்த்திய முந்திரிகைப் பழத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் சந்தையிலிருந்து ஒதுக்கி அரசாங்கத்தின் பெயரால் ஒப்படைத்தல் வேண்டும். 2002ஆம் ஆண்டுப் பருவத்தில் அப்பங்கு நூற்றுக்கு 47 என விதிக்கப்பட்டது. பாதிக்குச் சற்றுக் குறைந்த விளைவைக் கொடுக்க மறுத்த ஒரு குடும்பத்தினர் மீது ஏறத்தாழ ஏழு இலட்சம் டொலர் சுமத்தப்பட்டது. 2015ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. குடிமகனின் விளைபொருளை நட்டஈடின்றி எடுத்தல் அரசியலமைப்புக்கு மாறானது என்று பிரதம நீதியரசர் றொபேட்ஸ் எழுதினார். ஆங்கிலேயரின் 1215ஆம் ஆண்டு மகா சாசனமே குடியானவனின் தானியத்தைக் காத்தது என்பதையும் நினைவூட்டினார். பொருளாதார மந்தத்துக்கு மருந்தாக வந்த அதிகாரம், நோய் தீர்ந்து அறுபது ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தது!

கொள்கை இவ்வாறிருக்க, கொள்கையாளர் நடந்தவாறு எத்தகையது? ஈண்டே நாம் வருந்தவேண்டியவர்களாகின்றோம்.

நாற்பது ஆண்டுகளின் பின் காங்கிரசின் இரு சபைகளிலும் பெரும்பான்மை பெற்ற குடியரசுக் கட்சியினர், 1996ஆம் ஆண்டில் புதியதொரு விவசாயச் சட்டத்தை நிறைவேற்றினர். விரும்பியதை விதைக்கும் உரிமை கமக்காரனுக்கு மீண்டது. மானியம் ஏழாண்டுகளிற் படிப்படியாகக் குறையும் என்றும் விதிக்கப்பட்டது. விளைபொருள் விலை உயர்ந்திருந்த காலத்தில் எல்லோரும் அதனை வாழ்த்தினர். 1998ஆம் ஆண்டில் விலை வீழ்ந்தது. வீழ்ந்தவுடன் அதே காங்கிரஸ் அவசர உதவிப் பணம் வழங்கிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வழங்கிற்று. 2002ஆம் ஆண்டில் குடியரசுக் கட்சி ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்ட சட்டம், விலை வீழ்ந்தால் மானியம் உயரும் முறையை மீண்டும் நிலைநிறுத்தியது. 2018ஆம் ஆண்டில் ஜனாதிபதி ட்றம்ப் தொடுத்த தீர்வைப் போருக்கு மறுமொழியாகச் சீனா அமெரிக்கச் சோயா அவரைக்குத் தீர்வை விதித்தபோது, நட்டப்பட்ட கமக்காரருக்கென அவ்வாண்டில் 1200 கோடி டொலரும், மறு ஆண்டில் 1600 கோடி டொலரும் வரை அறிவிக்கப்பட்டன. அரசாங்கம் கமத்தில் தலையிடலாகாது என்றவர்களே ஒரு கையால் சந்தையை மூடினர். மறு கையால் பணத்தை நீட்டினர். உதவி பெற்ற கமக்காரரை நாம் குறைகூறோம். கொள்கையை வெயிற்காலக் குடைபோல் விரித்து, மழை வந்ததும் மடக்கிய தலைவர்களையே குறைகூறுகின்றோம்.

இன்னுமொன்று. கலிபோர்ணியா மக்கள் 1996ஆம் ஆண்டில் தாமே வாக்களித்து, வைத்தியர் சொற்படி நோயாளர் கஞ்சாவை மருந்தாகக் கொள்ள இடமளித்தனர். ஆனால் 2002ஆம் ஆண்டில் மத்திய உத்தியோகத்தர் நோயாளி ஒருவரின் வீட்டுச் செடிகளை அழித்தனர். மாநில உரிமை பேசும் கட்சியின் அரசாங்கமே மத்தியின் அதிகாரத்துக்காக வாதாடியது. 2005ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவ்வரசாங்கத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபோது துணையாகக் கொண்டது எதனை? பில்பேர்ணின் கோதுமை வழக்கையே! பழைமை பேணுவோரின் பேராசானாக மதிக்கப்பட்ட நீதியரசர் ஸ்காலியாவும் அம்முடிவோடு இணங்கினார். நீதியரசர் தோமஸ் இணங்காது, தம் கொள்கையைத் தமக்கு வேண்டாத இடத்திலும் கைவிடலாகாது என்பதைத் தம் மறுப்புரையால் நிறுவினார். கொள்கைக்கு உரைகல் இத்தகைய இடமேயாகும்.

இவற்றினும் பெரிய பழியொன்று உண்டு. மாநில உரிமை என்னும் சொல், தென் மாநிலங்களில் நெடுங்காலம் கறுப்பின மக்களை மிதிப்பதற்குக் கேடயமாயிற்று. 1957ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆர்க்கன்சோ மாநில ஆளுநர், லிற்றில் றொக் நகரக் கல்லூரியொன்றில் ஒன்பது கறுப்பின மாணவர் கால்வைக்காதபடி மாநிலக் காவற்படையை நிறுத்தினார். வேலியே பயிரை மேய்ந்தது. குடியரசுக் கட்சியினரான ஜனாதிபதி ஐசனோவர் மத்திய இராணுவத்தை அனுப்பி அம்மாணவரை உள்ளே கொண்டுசெல்வித்தார். 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டத்துக்கு, மத்தியின் அதிகார வரம்பைக் காரணங்காட்டி, செனற்றர் கோல்ட்வோட்டர் எதிராக வாக்களித்தார். அவருடைய கட்சியின் 33 செனற்றர்களில் 27 பேர் சட்டத்தை ஆதரித்தனர் என்பதையும் மறத்தலாகாது. கோல்ட்வோட்டர் நேர்மையாளராயிருக்கலாம். எனினும், அவ்வாண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவர் வென்ற ஆறு மாநிலங்களில், அவருடைய சொந்த மாநிலம் தவிர்ந்த ஐந்தும் இனப்பாகுபாடு வேரோடிய ஆழ்தெற்கு மாநிலங்களாயிருந்தமை, அக்கொள்கையை யார் எதற்காக அணைத்துக்கொண்டனர் என்பதை உலகுக்கு உணர்த்திவிட்டது.

அவ்வாறாயின் எளியவனைக் காப்பது எந்த அரசாங்கம்? தூரத்து மத்தியா, அருகிலுள்ள மாநிலமா? ஒகையோவில் மத்தி ஒடுக்கியது. ஆர்க்கன்சோவில் மாநிலம் ஒடுக்கியது. இரண்டில் ஒன்றை நல்லதென்றும் மற்றையதைத் தீயதென்றும் முத்திரை குத்துவது பேதைமை. அதிகாரம் பகிரப்படுதல் வேண்டும். பகிரப்பட்ட ஒவ்வொரு பங்குக்கும் வேலி வேண்டும். அவ்வேலியைக் காக்க அஞ்சாத நீதிமன்றம் வேண்டும். பழைமை பேணுவோரின் கொள்கை முழுமை பெறுவது இவை மூன்றும் சேர்ந்த இடத்திலேயாம்.

நம் நாட்டு வரலாறும் இதனையே கூறுகின்றது. லிற்றில் றொக் நிகழ்ச்சிக்கு இரு மாதங்களுக்கு முன், அதே 1957ஆம் ஆண்டு ஜூலையில், பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. விவசாயம், காணி, குடியேற்றம் முதலியன பிரதேச சபைகளுக்கு உரியனவாகும் என்றது அது. மறு ஆண்டே அது கிழிக்கப்பட்டது. அதன் விலையைச் சிங்களக் கமக்காரரும் தமிழ்க் கமக்காரரும் ஒருங்கே செலுத்திய ஆண்டு 2021. அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தது. மாற்றுப் பசளை போதிய அளவிற் கைக்கு வருமுன்னரே கிளிநொச்சி வயலுக்கும் அனுராதபுர வயலுக்கும் ஒரே கட்டளை. தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாண சபை ஒன்றேனும் எதிர்க்குரல் எழுப்ப அன்று இருக்கவில்லை. நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் கெட்ட போகம் மீளவில்லை. ஒரே பிழையை நாடு முழுவதிலும் ஒருங்கே செய்யும் வல்லமை என்று மேலே நாம் குறித்தது இதனையே.

ஆனால் அந்த 1957ஆம் ஆண்டு நமக்கு வேறொரு பாடத்தையும் வைத்திருக்கின்றது. சாதியின் பெயரால் ஒருவரைக் கோயிலிலும் கல்விக்கூடத்திலும் கடையிலும் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. அதனை இயற்றியது கொழும்புப் பாராளுமன்றம். பதினோராண்டுகளின் பின்னரும், 1968ஆம் ஆண்டில், மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நம்மவரே நம்மவரைத் தடுத்து நின்றனர். ஆர்க்கன்சோ ஆளுநரைப் பழிக்கும் நாம் அந்த வாயிலையும் நினைத்தல் வேண்டும்.

தமிழ்ப் பிரதேசத்துக்கு அதிகாரம் கேட்பது நீதி. அக்கோரிக்கையில் நாம் அணுவளவும் தளரோம். ஆயின், பெறப்போகும் அதிகாரத்துக்குள் முஸ்லிம் மக்களுக்கும், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும், நம்மிடையே சிறுபான்மையாய் வாழும் எவருக்கும் எத்தகைய காப்பு என்பதை இன்றே எழுதிவைத்தல் வேண்டும். வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் அவ்விதிகளை வகுக்க முன்வருக. பிறர் அதிகாரத்துக்கு வேலி கேட்பவன் தன் அதிகாரத்துக்கு முதலில் வேலியிடுவானாக. அப்பொழுதே நம் கோரிக்கையை உலகம் நீதியென்று ஏற்கும்.